உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் ஃபிலிம் கேமரா எது?

சித்தி மகள் தங்கச்சிமடத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி மண்டபத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள். மூன்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, ஃபிலிம் கேமரா ஒன்னு வாங்கப் போறேன். சின்னதா இருக்கணும், தெனமும் கைப்பைலயே கெடக்கணும், நம்ம ஊரு காத்துக்குத் தாங்கணும். எது வாங்க, சொல்லுண்ணே."

முதல் இரண்டு நிபந்தனைகளுக்கு ஏற்ற கேமராக்கள் எத்தனையோ இருக்கின்றன. மூன்றாவதைச் சேர்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. சிறிய ஃபிலிம் கேமராக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸின் கூர்மையைப் பற்றியே பேசுகிறார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். அது உப்பு. கச்சான் என்கிற பருவக்காற்று வீசுகிற மாதங்களில் அந்த உப்போடு மணலும் சேர்ந்துகொள்ளும். அதே படலம் கேமராவின் மேலும் படிகிறது, இடுக்கு வழியாக உள்ளேயும் போகிறது. ஆகவே இந்தக் கரையில் கேமரா வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டியது, "உப்பு உள்ளே போனால் இது என்ன ஆகும்?" என்பதைத்தான்.

நான் உச்சிப்புளிக்காரன். தினமும் பைக்கில் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவன். 11 வருடமாக ஏதாவது ஒரு சின்ன கேமரா கூடவே வருகிறது. அதில் ஒன்றை உப்புக்கே கொடுத்துவிட்டேன். முழுக்க பேட்டரியில் ஓடுகிற சின்ன கேமரா அது. ஒரு மழைக்காலம் முழுக்க அலமாரியில் பேட்டரியோடு கிடந்தது. தை மாதம் எடுத்து, அடியில் இருக்கும் மூடியைக் காசு வைத்துத் திருகினேன். திரும்பவில்லை. எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துத் திருகியபோது, உள்ளே பித்தளைத் தகட்டின் மேல் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன், தகடே பொடிந்து வந்தது. அன்றைக்குத்தான் பேட்டரி, மின்சுற்று, ரப்பர் அடைப்பு என்று ஒவ்வொரு கேமராவையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

கேமராக்களுக்குப் போகுமுன் நம் ஊர் வெளிச்சத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்லவேண்டும். பழைய ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். நல்ல வெயிலில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, எஃப் 16இல் வைத்து (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்), வெளிச்சம் உள்ளே விடும் ஷட்டரின் நேரத்தை ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் படம் சரியாக விழும். 200 ஃபிலிம் என்றால் 1/200 நொடி. அரிச்சல்முனை மாதிரி இரண்டு பக்கமும் கடலும் காலடியில் வெளுத்த மணலும் இருக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி குறைத்து எஃப் 22.

இதில் இருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. பகலில் இங்கே விலையுயர்ந்த லென்ஸுக்கு வேலையே இல்லை என்பது ஒன்று. 35 மி.மீ. லென்ஸை எஃப் 16க்கு மூடி, இரண்டரை மீட்டருக்கு ஃபோகஸ் வைத்துவிட்டால் சுமார் ஒன்றே கால் மீட்டரில் இருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஆட்டோ ஃபோகஸும் வேண்டாம், இரட்டைப் பிம்பத்தைச் சேர்த்துப் பார்க்கிற ரேஞ்ச்ஃபைண்டரும் வேண்டாம். இன்னொன்று, ஃபிலிமின் வேகம் கூடினால் தொல்லை. சின்ன கேமராக்களின் ஷட்டர் 1/200இலோ 1/500இலோ முடிந்துவிடும். 400 ஃபிலிமைப் போட்டு தனுஷ்கோடி மணலில் நடுப்பகலில் நின்றால் பாதி கேமராக்கள் தம் எல்லையைத் தொட்டுவிடும். கலர் நெகட்டிவ் ஓரிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், அதனால் படம் கெட்டுவிடாது. ஆனாலும் நம் பகலுக்குப் பொருத்தம் 200தான். கோடக் கோல்டு 200, கலர்ப்ளஸ் 200 இரண்டுமே போதும்.

இனி கேமராக்கள்.

எல்லாரும் முதலில் சொல்வது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. 1979இல் வந்தது, யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. சோப்புக்கட்டி அளவு, எடை 225 கிராம். மூடியைத் தள்ளினால் லென்ஸ் திறக்கும், மூடினால் சட்டைப்பைக்குள் போகும். எஃப் 2.8 லென்ஸ், ரேஞ்ச்ஃபைண்டர், அபெர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். அடியில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அதை +1.5 என்ற இடத்தில் வைத்தால் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விடும். ஆளின் முதுகுக்குப் பின்னால் கடல் மினுங்கும்படி எடுத்தால் முகம் கரிக்கட்டையாக விழுமே, அதற்கு இந்தக் கம்பி மருந்து. இவ்வளவு யோசித்துச் செய்த சின்ன கேமரா வேறு ஒன்றை நான் கையில் பிடித்ததில்லை.

இதன் தம்பி எக்ஸ்ஏ2, 1980இல் வந்தது. லென்ஸ் எஃப் 3.5. ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, கிட்டே, நடுவில், தூரத்தில் என்று மூன்று அடையாளம் மட்டும். மூடியை மூடித் திறந்தால் தானாகவே நடு அடையாளத்துக்கு வந்து நிற்கும். அபெர்ச்சர், ஷட்டர் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும், ஷட்டர் 1/750 வரை போகும். எக்ஸ்ஏவைவிட விலையும் குறைவாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன வெளிச்சக் கணக்கை நினைத்துப் பார்த்தால், பகலில் எக்ஸ்ஏவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நமக்குப் பயன் இல்லை. +1.5 கம்பி மட்டும்தான் இழப்பு. அதற்கு ஐஎஸ்ஓ அளவை 200இல் இருந்து 100க்கு மாற்றி ஒரு ஸ்டாப் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே பலவீனம்தான். பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் இல்லை. உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கு 40 வயது தாண்டிவிட்டது. அது போனால் மாற்ற உதிரிப்பாகம் வேறொரு செத்த கேமராவில் இருந்துதான் வரவேண்டும். தள்ளுகிற மூடியின் அடியில் ஓடும் பள்ளத்தில் மணல் சேரும். ஒரு தடவை கரகரவென்று சத்தம் கேட்டாலே நிறுத்தி, ஊதி, பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடவேண்டும். அந்தச் சத்தத்தோடே பத்து நாள் திறந்து மூடினால் மூடியின் தடம் தேய்ந்து ஆடத் தொடங்கும்.

பேட்டரி விஷயத்தில் இந்த அண்ணன் தம்பிக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. இரண்டுமே கேட்பது எல்ஆர்44 என்ற வில்லை பேட்டரி இரண்டு. இதன் அருமை எனக்குப் புரிந்தது கீழக்கரையில் ஒரு வாட்ச் கடையில். இன்னொரு கேமராவுக்கு சிஆர்123 என்ற பேட்டரி தேடிப் போயிருந்தேன். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"காக்கா, சிஆர்123 இருக்கா?"

"அது எதுக்குப் போடுறது தம்பி?"

"கேமராவுக்கு."

"அதெல்லாம் மதுரைல கேட்டுப் பாருங்க. ஏஜி13 வேணும்னா சொல்லுங்க, சரம் சரமாத் தாரேன்."

ஏஜி13 என்பது எல்ஆர்44க்கே இன்னொரு பெயர். கால்குலேட்டர், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று பலவற்றிலும் அதுதான். நம் கரையில் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும். சிஆர்123 அப்படி இல்லை. ஆன்லைனில் வரவழைத்து வீட்டில் இரண்டு கையிருப்பு வைத்துக்கொள்ளவேண்டும்.

அந்த சிஆர்123ஏவைக் கேட்கிற கேமராக்களில் பெயர் பெற்றது ஒலிம்பஸ் மியூ 2, 1997இல் வந்தது. சொல்லப்போனால் காகிதத்தில் நம் ஊருக்கென்றே செய்தது போலத் தெரியும். எஃப் 2.8 லென்ஸ், ஆட்டோ ஃபோகஸ், 1/1000 வரை ஷட்டர், 150 கிராமுக்கும் குறைந்த எடை, தூறலும் தெறிப்பும் தாங்கும்படி இடுக்கெல்லாம் ரப்பர் அடைப்பு. புதிதாக இருந்த காலத்தில் இதைவிடச் சிறந்த கடலோரக் கேமரா இருந்திருக்காது. இன்றைக்கு அந்த ரப்பருக்கே 25 வயதுக்கு மேல். வெயிலில் காய்ந்து கெட்டித்துப்போன ரப்பரை நம்பி அலை தெறிக்கும் இடத்தில் நிற்க எனக்கு மனம் வராது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் பிளாஷ் தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடும், வேண்டாம் என்றால் மறுபடி பட்டனை அமுக்கவேண்டும். மோட்டார் நின்றால் கதை முடிந்தது. இதற்கு இன்று கேட்கிற விலை, தாங்கும் ஆயுளுக்குப் பொருந்தவில்லை. காண்டாக்ஸ் டி2, ரிக்கோ ஜிஆர்1 போன்றவற்றைப் பற்றி அவளிடம் நான் பேசவே இல்லை. அருமையான லென்ஸ்கள்தான், ஆனால் விலை பல மடங்கு, உள்ளே அதே வயதான மின்சுற்று. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. ராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. தீர்த்தமாடிவிட்டுச் சாமி கும்பிட்டு வரும்வரை வெளியே விட்டுவிட்டுப் போக மனம் ஒப்புகிற விலையில் இருந்தால்தான் அதை தினமும் தூக்கித் திரிய முடியும்.

ரோலெய் 35 வேறு ஜாதி. ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்து 1966இல் வந்தது. முழுக்க இயந்திரம். பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும்தான், அது இல்லாமலும் ஷட்டர் 1/500 வரை ஓடும். எஃப் 16 கணக்கு மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு வெளிச்சமானியே தேவைப்படாது. பழைய பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை என்பதும் அதனால் ஒரு குறையாகாது. 40 மி.மீ. டெஸ்ஸார் லென்ஸ், கையில் கனமாக உட்காரும் உலோக உடம்பு. சிலருக்கு இதன் மேல் தீராத ஆசை, எனக்கும் உண்டு. ஆனால் லென்ஸ் ஒரு குழாயோடு வெளியே இழுத்துப் பூட்டப்படுகிறது, திரும்ப உள்ளே போகிறது. ஒவ்வொரு முறை உள்ளே தள்ளும்போதும் குழாயில் ஒட்டிய உப்பையும் மணலையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறோம். கடற்கரையில் இதைவிட மோசமான பழக்கம் ஒரு கேமராவுக்கு இருக்க முடியாது. போதாததற்கு, ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றி வைத்த பிறகே லென்ஸை உள்ளே தள்ள முடியும். மறந்து அழுத்தினால் கெடும். பரமக்குடியிலோ மதுரையிலோ இருந்தால் இதை வாங்கச் சொல்லியிருப்பேன்.

பாதி ஃபிரேம் கேமராக்களைப் பற்றி அவளே கேட்டாள். ஒரு ரோலில் 36க்குப் பதில் 72 படம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஃபிலிம் விற்கிற விலைக்கு நியாயமான கேள்வி. 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 புதிய கேமரா. கையால் சுற்றுவது, எஃப் 3.5 லென்ஸ், ஆறு தூர அடையாளங்கள், பழைய மின்சுற்றைப் பற்றிய பயம் இல்லை. அமெரிக்காவில் 500 டாலருக்கு அறிமுகமானது. அவள் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. எட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், சிஆர்2 பேட்டரியைக் கையிருப்பு வைத்துக்கொண்டு. மலிவில் கோடக் எக்டார் எச்35 இருக்கிறது. பிளாஸ்டிக் உடம்பு, அபெர்ச்சர் எஃப் 9.5இலும் ஷட்டர் 1/100இலும் நிலையாக நிற்கும். 200 ஃபிலிம் போட்டு நம் வெயிலில் எடுத்தால் இரண்டரை ஸ்டாப் கூடும், மணலில் மூன்றரை. 100 போட்டால் சமாளிக்கும். பொழுது சாய்ந்தால் பிளாஷ் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் பாதி ஃபிரேமில் எனக்கு வேறொரு பயம். தினமும் இரண்டு படம் எடுக்கிறவருக்கு 72 படம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வாரத்துக்கு ஐந்து படம் எடுக்கிற என் போன்றவருக்கு மூன்று மாதத்துக்கும் மேல். எடுத்த படம் கழுவப்படும் வரை ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாத பிம்பமாகத்தான் இருக்கிறது. சூடும் ஈரமும் அதைத் தின்னும். சித்திரை, வைகாசியில் பைக் பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் மூன்று மாதம் கிடந்த ரோலில் நிறம் மங்கி, நிழலெல்லாம் புழுதி படிந்ததுபோல வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கரையில் ரோல் சீக்கிரம் முடிவதே நல்லது. 36 படம், அதிகம் போனால் ஏழு எட்டு வாரம், உடனே கழுவ அனுப்பு. அதுதான் என் கணக்கு.

இப்போது நான் சொல்ல வந்த கேமரா. ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967 முதல் 1984 வரை செய்தார்கள். இதில் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றிக் குமிழ் குமிழாகத் தெரியும் கண்ணாடி வளையத்துக்குப் பின்னால் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதில் சிறு மின்சாரம் பிறந்து ஒரு முள்ளை அசைக்கும். பட்டனை அழுத்தும்போது பற்பற்களான ஒரு தகடு எழும்பி, அந்த முள் நிற்கும் இடத்தைப் பிடித்து, அபெர்ச்சரையும் ஷட்டரையும் தீர்மானித்துவிடும். ஷட்டர் இரண்டே வேகம், 1/40, 1/200. லென்ஸ் 40 மி.மீ., எஃப் 2.8. தூரத்துக்கு நான்கு படக்குறிகள், ஒரு தலை, இரண்டு பேர், கூட்டம், மலை. அவ்வளவுதான்.

வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கும் துளைக்குள் சிவப்புக் கொடி ஒன்று எழும்பும், பட்டன் இறங்காது. ஃபிலிம் வீணாகாது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால் செல்லும் சேர்ந்து மூடியிருப்பதால் அப்போதும் அதே கொடி எழும்பித் தடுக்கும். மூடியோடு எடுத்து ரோலைப் பாழாக்கியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

நம் வெளிச்சத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். 200 ஃபிலிம், அரிச்சல்முனை மணல், நடுப்பகல். தேவை எஃப் 22, 1/200. இந்தக் கேமராவின் கடைசி எல்லை எஃப் 22, 1/200. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. புயலில் சிதைந்து நிற்கும் தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல் சுவரை ஒரு மார்கழிக் காலையில் இதில் எடுத்தேன். கல்லில் இருக்கிற பூ மாதிரியான துளைகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடும்படி விழுந்திருந்தன. லென்ஸ் பகலில் எதற்கும் சளைத்ததில்லை.

உப்பு உள்ளே போனால் என்ன ஆகும்? அபெர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். இதுதான் ட்ரிப்பின் வழக்கமான நோய். லென்ஸின் முன்பகுதியைக் கழற்றி, இதழ்களைத் திரவம் கொண்டு துடைத்தால் சரியாகும். பழைய ஸ்டுடியோ மெக்கானிக் யாராக இருந்தாலும் செய்வார், பொறுமையிருந்தால் நாமே செய்யலாம். பச்சை பூக்க பேட்டரி அறை இல்லை, உடைந்துபோக மோட்டார் இல்லை. லென்ஸில் 43.5 மி.மீ. ஃபில்டர் போடும் மறை இருக்கிறது. யூவி ஃபில்டர் ஒன்றை மாட்டிவிட்டால் லென்ஸும் செல்லும் சேர்ந்தே உப்பில் இருந்து தப்பிக்கும், வெளிச்சக் கணக்கும் மாறாது. எக்ஸ்ஏ வகையில் ஃபில்டர் மாட்டவே இடம் இல்லை.

குறைகளையும் அவளிடம் மறைக்கவில்லை. எடை சுமார் 400 கிராம். சட்டைப்பையில் நிற்காது, கைப்பையில்தான். செலினியம் செல் வயதாக ஆகப் பலம் குறையும், ஈரம் அதற்கு எதிரி. செத்த செல்லுக்கு மாற்று கிடைப்பது கடினம். அடுத்து, இருட்டு. பாம்பனில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்துக்குப் போனால் கொடி எழும்பிக்கொண்டே இருக்கும். லென்ஸ் வளையத்தை ஏ என்ற தானியங்கி நிலையில் இருந்து 2.8க்குத் திருப்பினால் கொடியைத் தாண்டி 1/40 நொடியில் எடுக்கலாம். 400 ஃபிலிம் இருந்தால் விளக்குக்கு நேர் கீழே நிற்கிற முகங்கள் கிடைக்கும். மற்றபடி அங்கே எக்ஸ்ஏதான் ராஜா, பத்து நொடிவரை ஷட்டரைத் திறந்து வைக்கும். இரவும் விடியலும்தான் உங்கள் படம் என்றால் எக்ஸ்ஏவை வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். வீடு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடும் பழக்கத்தை மட்டும் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களோடு ஒருமுறை இடுப்பளவு தண்ணீர்வரை போனேன். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, முகக்கண்ணாடி போட்டு முங்குகிறார்கள். அங்கே பழைய கேமரா எதையும் நீட்டக்கூடாது. ஒருதடவை எடுத்துத் தீர்க்கிற தண்ணீர் தாங்கும் கேமராக்கள் உண்டு. கோடக் ஸ்போர்ட் 15 மீட்டர் ஆழம்வரை தாங்கும், 800 ஃபிலிமில் 27 படம். வருடத்துக்கு ஒன்று வாங்கிக் கடலுக்கென்று ஒதுக்குவது, தினசரிக் கேமராவை நனைப்பதைவிட மலிவு. நான் அன்றைக்குக் கரைக்கு வந்த பிறகு, ஒரு அக்காவிடம் கேட்டுக்கொண்டு, ஈரத் துணியை அவர் விரலில் இருந்து அவிழ்க்கும்போது ட்ரிப்பில் ஒன்று எடுத்தேன். "ஒரு தலை" குறி, சுமார் ஒரு மீட்டர். துணியின் அடியில் தோல் ஊறி வெளுத்து, முட்டிகளில் பாறை கீறிய கோடுகள். எனக்குப் பிடித்த படம் இன்றுவரை அதுதான்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. வெளியே வாங்கப் போகுமுன் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். இந்தக் கரையில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய் வந்தவர் இல்லாத குடும்பம் குறைவு. 80களிலும் 90களிலும் அவர்கள் பெட்டியில் வந்தவற்றில் யாஷிகா எம்எஃப்2 வகைக் கேமராக்கள் ஏராளம். நிலையான ஃபோகஸ், சாதாரண பென்சில் பேட்டரி, உள்ளேயே பிளாஷ். பேட்டரி கசிந்து கெட்டிருக்காவிட்டால், காசில்லாமல் ஆறு ரோல் எடுத்துப் பழக அதைவிட நல்ல கேமரா வேண்டாம். பின்கதவு இடுக்கில் இருக்கும் கறுப்புப் பஞ்சு பிசினாகி ஒட்டும், அதை மட்டும் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டவேண்டும். சித்தி வீட்டு பீரோவிலும் ஒன்று இருந்தது. லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டது. ஈரக்காற்று உள்ள ஊரில் கேமராவைத் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் வருவதுதான் அது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

ஃபிலிம் கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கலர் ரோலை நான் சென்னைக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கறுப்புவெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். நம் குழாய்த் தண்ணீர் உவர். அதில் கடைசி அலசல் அலசினால் காய்ந்தபின் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி. மருந்து கலக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர்தான். வழக்கமாகக் கழுவும் சூடு 20 டிகிரி, நம் வீட்டுத் தண்ணீர் 30ஐத் தாண்டி நிற்கும். ஐஸ் கட்டி போட்ட வாளிக்குள் மருந்துப் பாத்திரத்தை இறக்கிக் காத்திருக்கவேண்டும். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்புவெள்ளை ரோலை அப்பா இப்படித்தான் மண்பானைத் தண்ணீரில் கழுவினார். இவ்வளவு பாடுபட்டுக் கழுவுகிற படம், எடுக்கும்போதே சரியாக விழுந்திருக்கவேண்டும். கொடி காட்டித் தடுக்கிற கேமராவின் மேல் எனக்கு இருக்கும் பிடிப்புக்கு இதுவும் காரணம்.

மூன்று நாள் யோசித்துவிட்டு அவள் ட்ரிப் என்றே முடிவு செய்தாள். எடையைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தாள். சோற்று டப்பாவைவிடக் குறைவுதான் என்று அவளே சொல்லிக்கொண்டாள். சென்னையில் ஒருவரிடம் இருக்கிறதாம், அடுத்த வாரம் தோழியோடு சேது எக்ஸ்பிரஸில் போகிறாள். என்ன பார்த்து வாங்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லென்ஸை உள்ளங்கையால் பொத்தி அழுத்து, கொடி எழும்பணும், பட்டன் இறங்கக்கூடாது. வெளியே வானத்தைப் பார்த்து அழுத்து, இறங்கணும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை அழுத்தி, லென்ஸ் துளை சிறிதாகிறதா பெரிதாகிறதா என்று உள்ளிருந்து பார். இரண்டிலும் ஒரே அளவு என்றால் இதழ் ஒட்டியிருக்கிறது அல்லது செல் போய்விட்டது, வாங்காதே. லென்ஸை டார்ச் அடித்துப் பார், வலை மாதிரி தெரிந்தால் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படைத் தளத்தின் வேலியோரம் பஸ் நின்றால் எந்தக் கேமராவையும் வெளியே எடுக்காதே என்பதையும் கடைசியில் சேர்த்தேன்.

43.5 ஃபில்டர் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் என்னுடையதைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கிறேன். என் கேமரா கொஞ்ச நாள் டப்பாவிலேயே இருக்கட்டும், கச்சான் அடங்கிய பிறகு எடுத்துக்கொள்கிறேன்.